காண்டீபம் நழுவும்போது

குருக்ஷேத்திரப் போர்க்களத்தின் நடுவே அர்ஜுனனுக்கு நேர்ந்ததைப் பகவத்கீதையின் முதல் அத்தியாயம் மிக நுட்பமாக விவரிக்கிறது. உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, நிற்கவும் இயலவில்லை. காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. இன்றைய மருத்துவர் எவரும் இவற்றைக் கடும் பதற்றத்தின் அறிகுறிகள் என்று உடனே அடையாளம் காண்பார். மாவீரனுக்கும் இந்நிலை நேரக்கூடும் என்பதைச் சாத்திரம் மறைக்கவில்லை.

பணியிடங்களில் உழைக்கும் நம் அன்பர்களுள் சிலருக்கு அன்றாடம் காண்டீபம் நழுவுகிறது. மேலதிகாரி பேசி முடிக்குமுன் குறுக்கே பேசிவிடுகிறார்கள். சினமூட்டும் மின்னஞ்சல் வந்தால் அந்த நொடியிலேயே பதில் அனுப்பிவிடுகிறார்கள். சற்றுமுன் சொல்லப்பட்ட வேலை, தம் இருக்கைக்குத் திரும்புவதற்குள் நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது. இரவில், 'என்ன செய்துவிட்டேன்! வேலை நிலைக்குமா?' என்ற அச்சம் உறங்கவிடுவதில்லை. மறுநாள் அந்த அச்சமே மனத்தை மேலும் சிதறடிக்கிறது. 'நாள்தோறும் ஜபம் செய்தும் எனக்கு ஏன் அடக்கம் வரவில்லை? என் பக்தியில்தான் குறையோ?' என்று அவர்கள் கலங்குகிறார்கள்.

அவர்களுள் ஒரு சாராருக்கு இத்துன்பத்தின் வேர் பக்தியில் இல்லை. மூளை வளர்ந்த விதத்தில் இருக்கிறது. 1902-ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையென்றே அன்று அவர் குறிப்பிட்டார். இத்தகைய குழந்தைகளுள் பலரிடம் காணப்படுவதை இன்றைய மருத்துவம் ஏ.டி.எச்.டி. என்று அழைக்கிறது. கவனம் சிதறுதலும் உந்துதலை அடக்க இயலாமையும் கொண்ட இந்நிலை இளமையில் தொடங்கி, பலருக்கு முதிர்ந்த வயதிலும் தொடர்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, 17 வயது நிறைந்தோரிடம் இதனைக் கண்டறியத் தனி அளவுகோலையே வகுத்தது. இது சோம்பலுமன்று, பாவமுமன்று.

பகவான் என்ன செய்தார் என்பதைக் கவனிப்போம். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவர் அர்ஜுனனைக் கடிந்துகொள்கிறார். ஆயினும் அக்கண்டனத்தால் வில் மீண்டும் கைக்கு வரவில்லை. போர்புரிய மாட்டேன் என்று சொல்லி அவன் மௌனமாகிவிடுகிறான். அதற்குப் பிறகே புன்முறுவலுடன் உபதேசம் தொடங்குகிறது. ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிது என்று அவன் முறையிடும்போது, பகவான் அதனை மறுக்கவில்லை. அரிதுதான் என ஒப்புக்கொண்டு, அப்பியாசம், வைராக்கியம் என்னும் இரு வழிகளைக் காட்டுகிறார்.

அப்பியாசம் என்பது மனத்தின் கழுத்தை நெரிப்பதன்று. விலகிய மனத்தை மீண்டும் மீண்டும் அழைத்து வருவது. அதற்குப் புறத்துணை கொள்வதில் இழிவில்லை. ஜபத்தின் எண்ணிக்கை மனத்தில் நில்லாது என்பதால்தானே மாலையைக் கையில் எடுக்கிறோம்? மாலை ஏந்தியவரை எவரும் பலவீனர் என்று இகழ்வதில்லை. அவ்வாறே மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இடப்பட்ட பணியை அப்போதே எழுதிக்கொள்ளலாம். எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்கலாம். கூட்டத்தில் பேசத் துடிக்கும் சொல்லை முதலில் தாளில் இறக்கி வைக்கலாம். பெரிய பணியைச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கடிகாரத்தில் நேரம் குறிக்கலாம்.

வைராக்கியம் என்றதும் காட்டையும் காவியையும் நினைக்க வேண்டியதில்லை. 'இப்போதே பதில் சொல்லியாக வேண்டும்' என்னும் வேகத்தை விடுவதும் வைராக்கியமே. மறுமொழியை எழுதுங்கள், ஆனால் பெறுநர் பெயரை இடாமல் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். பதற்றம் மிகுந்தால் மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கிச் சிலமுறை செய்யுங்கள். உந்துதலுக்கும் செயலுக்கும் இடையே சிறு வெளி பிறக்கும். விவேகம் குடியேற அந்த இடம் போதும்.

இவற்றால் மட்டும் அடங்காத துன்பம் உண்டு. அப்போது மனநல மருத்துவரை நாடுவது இறைநம்பிக்கைக்கு முரணன்று. கண்ணாடி அணிந்து கீதை படிப்பவர் கண்ணாடியால் பக்தி குறைந்தவரா? மருந்து வேண்டுமா என்பதை அவர் ஆராய்ந்து முடிவு செய்யட்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அதிகாரிகளாகவும் பெற்றோராகவும் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 நிலைகளை ஏற்றது. பணியாளரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளை அரசு நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்றும் விதித்தது. அப்பட்டியலில் ஏ.டி.எச்.டி. தனியே பெயரிடப்படவில்லை. ஆயினும் சட்டம் சொல்லும்வரை கருணை காத்திருக்க வேண்டுமா? அமைதியான ஓர் இருக்கை, எழுத்தில் தரும் தெளிவான கட்டளை, பலர்முன் கடியாத ஒரு சொல்: இவற்றுக்குச் செலவேதும் இல்லை.

வில் நழுவியவனைப் பகவான் தேரிலிருந்து இறக்கிவிடவில்லை. தாமே கடிவாளம் பிடித்து உடனிருந்தார். கலங்கும் நெஞ்சங்களுக்கு அவ்வாறு உடனிருக்கும் பேறு நமக்கும் வாய்க்க இறைவன் அருள்புரிவாராக!