பெடலை மிதிக்கும் முன் பயத்தை மிதி!

பேஸ் கிட்டார் வாங்கிவிட்டாய். நல்லது!

வாங்கிய பிறகு என்ன செய்தாய்? விரல் காய்த்துப்போகும்வரை வாசித்தாயா? இல்லை, நள்ளிரவுவரை ஃபோனில் பெடல் டெமோ பார்த்துக்கொண்டு கிடக்கிறாயா?

கம்ப்ரெசர் வாங்கலாமா, ஓவர்டிரைவ் வாங்கலாமா? அனலாக் நல்லதா, டிஜிட்டல் நல்லதா? எல்லாவற்றையும் ஒரே மல்டி எஃபெக்ட்ஸில் முடித்துவிடலாமா? கேள்வி! கேள்வி! மாதக்கணக்கில் கேள்வி!

ஆராய்ச்சி செய்கிறேன் என்று உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே. நீ பயப்படுகிறாய்!

தப்பான பெடலை எடுத்துவிடுவோமோ என்று பயம். காசு வீணாகிவிடுமோ என்று பயம். அதற்கெல்லாம் அடியில் இன்னொரு பயம் ஒளிந்திருக்கிறது. எல்லாம் வாங்கிய பிறகும் வாசிப்பு சரியாக வரவில்லை என்றால்? அப்போது பழியைப் போட ஒரு பெட்டிகூட மிச்சமிருக்காதே!

அந்தப் பயத்தை இன்றைக்கே தீர்த்துக்கட்டுவோம். வா!

ஜேம்ஸ் ஜேமர்சன் என்றொரு மனிதர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். மோடவுன் இசை நிறுவனம் அங்கே ஒரு சாதாரண வீட்டைத்தான் ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தது. 1960களில் அந்த வீட்டிலிருந்து புறப்பட்ட பாடல்கள் அமெரிக்காவையே ஆட வைத்தன. அவற்றில் மிகப் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேமர்சன்.

அவர் காலடியில் எத்தனை பெடல் இருந்தது? ஒன்றுகூட இல்லை!

1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதில் ஒரு கேபிள். கேபிளின் மறுமுனை நேராக ஒலிப்பதிவு மேசைக்குள். அவ்வளவுதான்!

வலது கையில் ஒரே விரல். ஆள்காட்டி விரல் மட்டும்! கூட வாசித்தவர்கள் அதற்கு ‘கொக்கி’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். தந்தி அறுந்தால்தான் மாற்றுவார். பழைய தந்தி, ஒற்றை விரல், ஒரு கேபிள். அவர் வாசித்துவிட்டுப் போனதை உலகம் முழுவதும் பேஸ் படிக்கிறவர்கள் இன்றும் ஒவ்வொரு நோட்டாகக் கேட்டு எழுதிப் பழகுகிறார்கள்!

இன்னும் கேள். இத்தனை வாசித்தவரின் பெயர் ஆண்டுக்கணக்கில் இசைத்தட்டின் உறையில் வரவே இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்தபோதுதான் அதில் வாசித்த இசைக்கலைஞர்களின் பெயர்களை மோடவுன் அச்சிட்டது. அதுவரை பெயர் வராது என்று தெரிந்தே வாசித்தார். ஒரு வீடியோவுக்கு லைக் வரவில்லை என்று நீ இரண்டு நாள் பேஸைத் தொடாமல் இருக்கிறாயே!

“அவர் பிறவி மேதை. எனக்கு அதெல்லாம் வராது.”

வராதா? கரோல் கேயைக் கேள்!

லாஸ் ஏஞ்சலஸில் கிட்டார் வாசித்துப் பிழைத்த பெண் அவர். 1963இல் ஒரு நாள், கேபிடல் ரெக்கார்ட்ஸ் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. இவர் கையில் பேஸைக் கொடுத்தார்கள். “இது என் வாத்தியம் இல்லை” என்று ஒதுங்கினாரா? வாங்கினார். வாசித்தார்! அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள். பேஸ் வரலாற்றை எழுதுகிற எவரும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

அவருக்குக் கிடைத்தது ஆள் வராத ஒரு நாள். உனக்கு ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. நீ என்ன செய்கிறாய்?

அப்படியென்றால் பெடலே வேண்டாமா? யார் அப்படிச் சொன்னது!

1983. மெட்டாலிகா குழுவின் முதல் ஆல்பம். அதில் கிளிஃப் பர்ட்டனின் பேஸ் சோலோ ஒன்று உண்டு. டிஸ்டார்ஷனும் வா பெடலும் சேர்ந்து அந்த நான்கு தந்திகளை அலற வைத்தன. ‘இது பேஸா?’ என்று கேட்டவர்கள் திகைத்தார்கள். அப்புறம் ஜேக்கோ பஸ்டோரியஸ். மேடையில் தனி ஆளாக நின்று தான் வாசித்ததை டிலேயில் பிடித்துச் சுழல விட்டு, அதன் மேலேயே இன்னொன்றை வாசித்தவர்!

ஜேமர்சனுக்குப் பெடல் தேவைப்படவில்லை. பர்ட்டனுக்குத் தேவைப்பட்டது. அதை முடிவு செய்தது யார்? கடைக்காரரா? விளம்பரமா? அவரவர் காது!

உன் காது என்ன கேட்கிறது? தெரியாதா? அதுதான் உன் உண்மையான பிரச்சினை. அதற்கு மருந்தும் உன்னிடமே இருக்கிறது!

ஹெட்ஃபோனை மாட்டு. இளையராஜாவின் 1980களின் பாடல் ஒன்றை எடு. பாடகரை விடு. வயலினை விடு. அடியில் ஓடும் பேஸை மட்டும் பிடி. பாடுகிறவர் ஒரு மெட்டில் போக, பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போவது கேட்கிறதா? அடுத்து ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேள். ஒலி உருண்டையாக இருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா? நீளமாக நிற்கிறதா, சட்டென்று அடங்குகிறதா? எழுதி வை! இப்படி எழுதிப் பழகாதவன் எந்தப் பெடலைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

ஒரு எச்சரிக்கை. பெடல் டெமோவை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதே!

பேஸின் தடித்த ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு நொடிக்குச் சுமார் 41. அதைத் தருகிற வலு ஃபோனுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குக் கிடையாது. மேலே மிதக்கும் சுரங்கள்தான் உன் காதுக்கு வருகின்றன. பேஸின் உயிரே கேட்காமல் பேஸ் பெடலுக்குத் தீர்ப்பு சொல்வாயா?

சரி, பெடலுக்கு வருவோம்.

முதல் பெடல் ட்யூனர். விவாதமே வேண்டாம்!

“ஃபோனில்தான் ஆப் இருக்கிறதே?” இருக்கிறது. ஒத்திகை அறையில் டிரம்மர் ஸ்னேரை அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆப்பைத் திற. முள் பேய் பிடித்ததைப் போல ஆடும். ட்யூனர் பெடலுக்கு அந்தச் சத்தம் எதுவும் தெரியாது. கேபிள் வழியாக வரும் உன் தந்தி மட்டும்தான் தெரியும். காலால் ஒரு மிதி. ஆம்புக்குப் போகிற ஒலி நின்றுவிடும். ஊருக்குக் கேட்காமல் சுருதி சேர்த்துக்கொண்டு மறுபடி மிதி. சுருதி சேராத பேஸ் முழுக் குழுவையும் கெடுக்கும். பாடகர் நன்றாகப் பாடினாலும் தப்பாகத் தெரியும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்!

அடுத்து எல்லோரும் உனக்குச் சொல்வது கம்ப்ரெசர். நல்ல கருவி. தேவையான கருவி. ஆனால் நான் உன்னைத் தடுக்கிறேன்!

அது என்ன செய்கிறது? ஓங்கி வந்த நோட்டை அமுக்குகிறது. பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடுவதால் மெலிந்த நோட்டும் மேலே வருகிறது. எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். கேட்கச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில்தான் ஆபத்து. உன் நடுவிரல் ஆள்காட்டி விரலைவிட மெலிவாக அடிக்கிறது. அது உனக்கே தெரியாது. கம்ப்ரெசர் அதைத் தெரியவிடாது. ஓதம் ஏறிய சுவரின் மேல் பெயின்ட் அடித்துவிட்டு வீடு புதிது என்று நம்புவாயா?

முதலில் விரலைச் சரிசெய். மெட்ரோனோமை 60இல் வை. ஒரே தந்தி, ஒரே நோட்டு. ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு. ஃபோனில் பதிவு செய். கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கேள். எது எந்த விரல் என்று கண்டுபிடிக்க முடிகிறதா? முடிந்தால் இன்னும் பழகு! முடியாமல் போகிற அன்றைக்குக் கம்ப்ரெசர் வாங்கு. ரேஷியோ குமிழ் இருந்தால் நாலுக்கு ஒன்றில் தொடங்கு. அட்டாக் குமிழை மெதுவான பக்கம் திருப்பு. விரல் தந்தியில் படுகிற அந்த முதல் ‘டக்’ உயிரோடு இருக்க வேண்டும்!

அடுத்து ஓவர்டிரைவ். இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்!

தனியாக உன் அறையில் வாசிக்கிறாய். பெடலை மிதித்ததும் ஒலி உறுமுகிறது. ஆஹா என்கிறாய். மறுநாள் குழுவோடு வாசிக்கிறாய். டிரம்ஸ் தொடங்குகிறது, கிட்டார் சேர்கிறது. பெடலை மிதிக்கிறாய். காணாமல் போகிறாய்! ஆம்ப் ஓடுகிறது, விரல் ஓடுகிறது, பேஸ் மட்டும் இல்லை. ஏன்?

கிட்டாருக்காகச் செய்த பல ஓவர்டிரைவ்கள் அடி ஒலியை வெட்டிவிடும். கிட்டாருக்கு அது நல்லது. உனக்கோ அடிதான் வேலையே! அதனால் குமிழ்களைப் பார். பிளெண்ட் என்றோ பேலன்ஸ் என்றோ மிக்ஸ் என்றோ ஒன்று இருக்கிறதா? உன் சுத்தமான ஒலியையும் உறுமலையும் வேண்டிய அளவில் கலக்கும் குமிழ் அது. 1994இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓடிபி-3இல் அது உண்டு. சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரிலும் உண்டு. அந்தக் குமிழ் இல்லாத பெடலை முதல் ஓவர்டிரைவாக வாங்காதே!

குமிழை நடுவில் வைத்துத் தொடங்கு. டிரம்ஸ் ஓடும்போது திருப்பு. தனியறையில் அழகாகக் கேட்ட இடம் குழுவில் தப்பாக இருக்கும். குழுவில் சரியாக இருக்கும் இடம் தனியறையில் கொஞ்சம் அசிங்கமாகக் கேட்கும். நம்பு! அதுதான் சரியான இடம்.

ஆக்டேவ் பெடலைப் பற்றி நான் ஆசையோடு சொல்வேன். நீ வாசிப்பதற்கு ஓர் ஆக்டேவ் கீழே இன்னொரு ஒலியைச் சேர்க்கும். 1982இல் வந்த பாஸ் ஓசி-2ஐ இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தப் பெடல் ஒரே நேரத்தில் ஒரே நோட்டைத்தான் புரிந்துகொள்ளும். பக்கத்துத் தந்தி அதிர்ந்துகொண்டிருந்தால் ஒலி குளறிவிடும். உன் இடது கை சோம்பேறியா? வலது கட்டைவிரல் தந்தியை அடக்க மறக்கிறதா? உடனே காட்டிக்கொடுத்துவிடும்! கம்ப்ரெசர் குற்றத்தை மறைக்கும், இது அம்பலப்படுத்தும். திட்டத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அதிர்ஷ்டம். ஓடாதே! பேஸின் மிகத் தாழ்ந்த நோட்டுகளில் அதுவே தடுமாறும், அது உன் குற்றமில்லை. கொஞ்சம் மேலே ஏறி வாசி.

கோரஸ், டிலே, ரிவெர்ப் எல்லாம் பிறகு. முதல் வருடத்தில் எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

“இவ்வளவுக்கும் காசுக்கு எங்கே போவேன்?”

இந்தச் சாக்கையும் நான் ஏற்கமாட்டேன்! பேஸுக்கென்றே செய்த சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்று வாங்கு. ஜூம் பி1 ஃபோர் போன்றது. ட்யூனர் உண்டு, கம்ப்ரெசர் உண்டு, டிரைவ் உண்டு, தாளமும் உண்டு. ஹெட்ஃபோனைச் செருகினால் வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும் பழகலாம். ‘பந்தா இல்லையே’ என்று யோசிக்கிறாயா? மேடையில் உன் காலடியைப் பார்க்கவா மக்கள் வருகிறார்கள்?

அதற்கும் காசில்லையா? ஜேமர்சனிடம் எத்தனை இருந்தது என்று சொன்னேன்!

மின்சாரத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். வீட்டில் கிடக்கும் வைஃபை பெட்டியின் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை பிளஸ். பின் பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் கருகிப்போகலாம்! பெடலின் பின்னால் ஒரு சின்னப் படம் அச்சிட்டிருக்கும். படி! எத்தனை மில்லிஆம்பியர் என்றும் பார். இரண்டு மூன்று பெடலை ஒரே அடாப்டரில் கோத்தால் உர்ரென்று இரைச்சல் வரலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் பவர் சப்ளை வாங்கு.

வரிசை கேட்கிறாயா? ட்யூனர், ஆக்டேவ், கம்ப்ரெசர், ஓவர்டிரைவ். அப்புறம் ஆம்ப். சட்டமா இது? இல்லை! ஆக்டேவையும் கம்ப்ரெசரையும் இடம் மாற்று. ஓவர்டிரைவை முன்னால் கொண்டுவா. இரண்டு பேட்ச் கேபிளைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகும்? உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்னும் தப்பாக வாங்கிவிடுவேனோ என்று நடுங்குகிறாயா? வாங்கு! தப்பாகவே வாங்கு! பிடிக்காத பெடலை பாதி விலைக்காவது விற்றுவிடலாம். வாசிக்காமல் விட்ட ஆறு மாதத்தை எந்தச் சந்தையில் விற்பாய்?

நாளைக்கே கடைக்குப் போ. உன் பேஸைத் தூக்கிக்கொண்டு போ. கடையின் விலை உயர்ந்த பேஸில் எந்தப் பெடலும் இனிக்கும். உன் பேஸில் எப்படிக் கேட்கிறது என்பதுதான் உனக்கு வேண்டும்.

நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சமா? பார்க்கட்டும்! அவர்களில் ஒருவர் பிரமாதமாக வாசிக்கிறவராக இருப்பார். அவரும் ஒரு காலத்தில் அதே கடையில் கை நடுங்க ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்தான்.

முதலில் பெடல் இல்லாமல் வாசி. உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வரி போதும். இப்போது எல்லாக் குமிழ்களையும் நடுவில் வை. மிதி! அதே வரியை வாசி. அணைத்துவிட்டு மறுபடி வாசி. ஈ தந்தியின் அடி அப்படியே இருக்கிறதா? விரலின் அழுத்தம் தெரிகிறதா? காது என்ன சொல்கிறது? பிடித்திருந்தால் காசைக் கொடு. பிடிக்கவில்லையா? தலையைக் குனியாதே. “அண்ணா, அடுத்ததை எடுங்க” என்று சத்தமாகக் கேள்!