சாய்தளமே மேடை

ஆலிஸ் ஷெப்பர்ட் அமெரிக்காவில் இடைக்கால இலக்கியம் கற்பித்த பேராசிரியர். சக்கர நாற்காலியில் இயங்குபவர். 2004-ல் ஒரு கருத்தரங்கில், புற்றுநோய்க்கு ஒரு காலைப் பறிகொடுத்த நடனக் கலைஞர் ஹோமர் அவிலாவின் ஆட்டத்தைப் பார்த்தார். ஒரு நடன வகுப்புக்காவது போய்ப் பாருங்கள் என்று அவிலா அவருக்குச் சவால் விட்டார். ஆலிஸ் போனார். பிறகு பேராசிரியர் வேலையையே விட்டுவிட்டார்.

அவர் தொடங்கிய குழு 'கைனெடிக் லைட்'. அதன் 'டிசென்ட்' என்ற படைப்பு 2018-ல் நியூயார்க் மேடைக்கு வந்தது. வீனஸ், ஆந்த்ரோமிடா என்ற இரண்டு புராணப் பெண்களின் காதல் கதை. ஆடுகிறவர்கள் ஆலிஸும் லாரல் லாசனும். இருவருமே சக்கர நாற்காலியில். ஆடுதளமோ, வளைந்தும் ஏறியும் இறங்கியும் கிடக்கும் பெரிய சாய்தளம். இறக்கத்தில் சக்கரம் எடுக்கும் வேகமும், ஏற்றத்தில் தோள்கள் படும் பாடும் அங்கே நடனமாகின்றன. ஒரு கட்டத்தில் ஆலிஸ் கீழே கிடந்து தாங்க, லாரல் நாற்காலியோடு மேலெழுந்து கைவிரித்துப் பறக்கிறார். சக்கரங்கள் காற்றில் சுழல்கின்றன. நாற்காலி இல்லாமல் அந்த அசைவே இல்லை.

பார்வையற்ற ரசிகர்களையும் அவர்கள் மறக்கவில்லை. 'ஆடிமான்ஸ்' என்ற செயலியில் பல ஒலித்தடங்கள் உண்டு. அசைவின் வர்ணனையா, சக்கரத்தின் ஓசையா, கவிதையா, கேட்பவரே தேர்ந்துகொள்ளலாம்.

சாய்தளம் என்றால் நமக்கு என்ன? கட்டடமெல்லாம் முடிந்தபின், சட்டத்துக்குப் பயந்து பின்வாசலில் பூசிவைக்கும் கொஞ்சம் சிமெண்ட். அதைப் படைப்பின் முதல் வரியாக வைத்தார் ஆலிஸ். "இந்த நிலைமையிலும் எப்படி ஆடுகிறார் பாருங்கள்!" என்று உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. ஆட்டம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பேசலாம். கலைஞர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

நம் ஊர் விழாக்களில் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு விருது என்றால், நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைக்கிறார்கள். அரங்கம் அதிரக் கைதட்டுகிறது. தூக்கியவர்களுக்குப் புண்ணியம், தூக்கப்பட்டவருக்குக் கூச்சம். மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29-ம் பிரிவில் சொல்கிறது. ஆனால் பல மேடைகளுக்கு இன்னும் படிக்கட்டு மட்டும்தான்.

இன்று: பள்ளி ஆண்டுவிழாவோ, சங்கக் கூட்டமோ, நீங்கள் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சி எதுவானாலும், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் மேடைக்கு எப்படி ஏறுவது என்று பாருங்கள். நீங்களாக யூகிக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வரப்போகிறவரிடமே கேளுங்கள். பொன்னாடையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.