கரி நெருப்பும் காலை உணவும்



இயேசு கைதான இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது எது? அவர் பேச்சு. கலிலேயக்காரர் பேசுகிற தினுசு. மத்தேயு அதைச் சொல்கிறார். குளிருக்குக் கரி நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் நடுவே வாயைத் திறந்ததும் பேதுரு மாட்டிக்கொண்டார். உயிருக்குப் பயந்து, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார்.

மைசூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி கர்நாடகத்துக்கு இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் மத்திய அரசு அதை அரசிதழில் வெளியிட்டதும் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததோடு எல்லை தாண்டினார்கள். பஸ்ஸில் பிள்ளை தமிழில் ஏதாவது கேட்டுவிடுமோ என்று அதன் வாயைப் பொத்திய தாய்மார்கள் உண்டு. இன்றும் டிவியில் காவிரிச் செய்தி வந்தால் அவர்களுக்கு உள்ளங்கை வேர்க்கிறது. டயர் எரிகிற வாடை பட்டால் போதும், அந்த ராத்திரிக்கே போய்விடுகிறார்கள்.

இதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனம் மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் பேதுருவைச் சந்தித்தபோது என்ன செய்தார்? மறுபடியும் கரி நெருப்பையே மூட்டினார். புதிய ஏற்பாட்டில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டே இடங்களில்தான். அதே புகை, அதே வாடை. ஆனால் இந்தத் தடவை நெருப்பின் மேல் மீன், பக்கத்தில் அப்பம், கூட நண்பர்கள். முதலில் சாப்பிட வரச் சொன்னார். சாப்பிட்ட பிறகே கேள்வி. அதிலும் ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை. அன்பைப் பற்றித்தான் கேட்டார், மூன்று முறை.

மனநல மருத்துவர்களும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகிறார்கள். முதலில் பயம் தணிந்து மூச்சு சீராக வேண்டும். பிறகுதான் அந்த நாளைத் தாங்கும் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, நினைவுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். 1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ தொடங்கிய முறையில், அந்த நினைவை மனத்தில் வைத்தபடியே, இடமும் வலமுமாக அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 2013இல் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்திருக்கிறது. நினைவு அழியாது, அதன் கொடுக்கு கழன்றுவிடும். பேதுருவும் மறந்துவிடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது மனம் நொந்தார் என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பேதுரு தவறியவர், உங்களுக்கோ அடுத்தவர்கள் கொடுமை செய்தார்கள். நான் தமிழனில்லை என்று அன்று சொல்லித் தப்பியதை நினைத்து இன்னும் கூசுகிறவர்களே, அது பாவமில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு அதைச் சுமந்துகொண்டு வராதீர்கள். உடனே மன்னித்துவிடு என்று உங்களை யாரும் அவசரப்படுத்தவும் வேண்டாம்.

மைசூர் கே.ஆர். மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணை அழைத்தால் செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், கூட வர ஆள் உண்டு.