கூண்டும் அமானிதமும்

ஒரு பொருளின்மீது நாம் கொள்ளும் விருப்பம் அப்பொருளைக் காக்கவும் கூடும், அழிக்கவும் கூடும். இவ்விரண்டையும் ஒரே விருப்பம் ஒருங்கே செய்யுமாயின், அதனை நன்றென்பதா, தீதென்பதா? அரிய பறவைகளை விலைகொடுத்து வாங்கி, வீட்டில் வைத்து இனம் பெருக்கும் வழக்கம் இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

பறவை வளர்ப்போர் ‘சாஃப்ட்பில்’ எனக் குறிப்பிடும் ஒரு வகை உண்டு. கிளியையும் சிட்டையும்போல் விதையை உடைத்துத் தின்னாமல், பழத்தையும் பூச்சியையும் உண்டு வாழ்பவை அவை. தானியத்தைத் தூவிவிட்டு அகன்று போவார்க்கு இவை வசப்படா. நாள்தோறும் பழம் நறுக்க வேண்டும். குஞ்சு பொரித்த காலத்தில் உயிருள்ள பூச்சிகளைத் தேடித் தர வேண்டும். உணவில் இரும்புச் சத்து மிகுந்தால் மைனா இனத்தின் ஈரல் கெட்டு, அது மாண்டுபோவதும் உண்டு. எனவே இது பொழுதுபோக்கன்று, உழைப்பு.

இவ்வகையைச் சார்ந்ததே இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள வெள்ளை மைனா. தூய வெண்சிறகு, சிறகு நுனியிலும் வால் நுனியிலும் கருமை, கண்ணைச் சுற்றி நீலத் தோல், தலையில் சரிந்த கொண்டை. 1911-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஸ்டிரெஸ்மான் இதனைக் கண்டு, அடுத்த ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. காடுகள் குறைந்தது ஒருபுறமிருக்க, கூண்டுக்கென்றே பறவைகள் பிடிக்கப்பட்டன. 1960, 1970-களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மிகுதியாக ஏற்றப்பட்டன. அருக அருக விலை ஏறிற்று. விலை ஏற ஏற வேட்டை மிகுந்தது. 1999-இல், காட்டில் விடுவதற்கென மேற்குப் பாலி தேசியப் பூங்காவில் வளர்க்கப்பட்ட பறவைகளை ஆயுதம் தாங்கிய கும்பலொன்று கவர்ந்து சென்றது. 2001-இல் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ ஆறே என மதிப்பிடப்பட்டது. அதே வேளையில் உலகெங்கும் கூண்டுகளில் பல நூறு பறவைகள் உயிரோடிருந்தன!

மார்க்கம் இது குறித்து என்ன கூறுகிறது? அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடியதையும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு வினவியதையும் நாம் அறிவோம். தீனியும் நீரும் குறைவின்றி அளித்தால் பறவையை வளர்ப்பது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இதனை ஆதாரமாகக் கொண்டனர். ஆயினும், பயணமொன்றில் தோழர்கள் ஒரு குருவியின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி சிறகடித்துத் தவித்ததைக் கண்ட பெருமானார், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்ததும் ஹதீஸில் உள்ளதே. ஆக, வளர்க்கலாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்பதும் கேட்கப்படும்.

‘நான் காட்டுப் பறவையை வாங்கவில்லை, கூண்டில் பிறந்ததையே வாங்கினேன்’ என்பார் சிலர். அது மெய்யாயின் நன்று. குஞ்சாயிருக்கும்போதே காலில் இடத்தக்க மூடிய வளையமும், பெற்றோர் இன்னவை என்னும் பதிவும் அதற்குச் சான்றாகும். அவை இல்லையெனில், திருடிய பறவையும் கூண்டில் பிறந்ததென்ற பெயரில் விற்கப்படுவது எளிது.

‘வளர்த்தோர் இல்லையேல் இனமே அற்றுப் போயிருக்குமே’ என்பார் வேறு சிலர். இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் காத்தவர் யாவர் என்பதை நோக்க வேண்டும். எப்பறவை எதன் வழி வந்தது எனக் கணக்கு வைத்து, நெருங்கிய உறவுப் பறவைகள் இணையாதபடி தம்முள் மாற்றிக்கொண்டு, குஞ்சுகளைத் தாயகத்துக்கு அனுப்பியவரே காத்தவர். பூட்டிவைத்து விலை பேசியோரும் அதே பறவையைத்தான் வளர்த்தனர். எனினும் காட்டுக்கு ஒன்றையும் அளித்திலர். முன்னவர் கையில் அது அமானிதம். பின்னவர் கையில் வெறும் உடைமை. அமானிதத்துக்கு அடையாளம் யாது? உரியவன் கேட்கும்போது திருப்பித் தருவதன்றோ?

பாலிக்கு அருகிலுள்ள நூசா பெனிடா தீவில் 2006 முதல் இம்மைனாக்கள் விடப்பட்டன. அவ்வூர் மக்கள் இவற்றைப் பிடிப்பதில்லையெனத் தம் ஊர்க் கட்டுப்பாட்டு முறைப்படி தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். அவர்களும் அப்பறவையை விரும்புவோரே. அவ்விருப்பத்துக்குக் கூண்டு தேவைப்படவில்லை.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பறவை வாங்கப் புறப்படும் பெற்றோர், விலையைக் கேட்கும் முன்னர் அது பிறந்த இடத்தைக் கேட்கட்டும். விற்பவர் விடை கூறத் தயங்கினால், வெறுங்கையோடு வீடு திரும்புக. ஏன் வாங்கவில்லை எனப் பிள்ளை கேட்கும். அப்போது அந்தத் தாய்க்குருவியின் வரலாற்றைக் கூறுவது நம் கடன்.