மூன்றாவது கோயில்

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். பெயரைக் கேட்டு மூன்று கோயிலை எதிர்பார்த்துப் போவோம். மேற்கு நோக்கி எழுந்து நிற்பவை இரண்டுதான். மூன்றாவது எங்கே என்று தேடினால், வடபக்கத்தில் அடித்தளம் மட்டும் இருக்கிறது. அதற்கு மேலே ஆகாயம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போயிருந்தேன். என் தமக்கை மகன் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் ஆசிரியன். எந்தக் கல்லூரி என்று நீங்களும் கேட்க வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை. முதலாண்டு மாணவர்கள் நாற்பது பேரைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். மின்சாரம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு விமானமும் கல்வெட்டும் எதற்கு என்று கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில், வானதி பிறந்த ஊர் என்று கதையில் மட்டும் படித்திருந்த பெண்கள் சிலர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அந்த அடித்தளத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “மாமா, நீங்கள் கதை எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். நடக்காததை நடந்ததாக எழுதியே காலம் தள்ளியிருக்கிறீர்கள். அது பொய் இல்லையென்றால், நான் எழுதப் போவது மட்டும் ஏன் பொய்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “விஷயத்தைச் சொல்லு மாப்பிள்ளே” என்றேன்.

விஷயம் இதுதான். அவர்கள் துறையின் பட்டப் படிப்பைப் பார்த்து மதிப்பிட என்.பி.ஏ. குழு வரப் போகிறது. தேசிய அங்கீகார வாரியம் என்பது 1994-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ்த் தோன்றி, 2010-இல் தனித்து இயங்கத் தொடங்கிய அமைப்பு. 2014 ஜூனில் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பாகச் சேர்ந்தபின் அதன் முத்திரைக்கு மதிப்பு கூடிவிட்டது. அது இருந்தால் நம் ஊர்ப் பிள்ளையின் பட்டம் மற்ற உறுப்பு நாடுகளின் பட்டத்துக்கு நிகராக மதிக்கப்படும். நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பத்துக்கு இது சின்னச் சங்கதி அல்ல.

முன்பெல்லாம் கட்டடம் எத்தனை, புத்தகம் எத்தனை என்று எண்ணினார்கள். இப்போது கேட்பது வேறு. இந்தப் பாடத்தைப் படித்த மாணவனுக்கு என்ன செய்ய வர வேண்டும், வந்ததா, எப்படி அளந்தீர்கள், குறை கண்ட இடத்தில் எதை மாற்றினீர்கள்? யோசித்துப் பார்த்தால் ஒரு நல்ல வாத்தியார் இரவில் படுத்துக்கொண்டு தன்னைத் தானே கேட்டுக்கொள்கிற கேள்விகள்தான் இவை. இவற்றுக்குப் பதிலாக மூன்று வருஷக் குறிப்புகளைக் காட்ட வேண்டும். பாடம் நடந்தது, பையன் தொண்டை வறளக் கற்பித்தான். பாடத்தைப் பற்றி ஆராய வேண்டிய கூட்டங்கள்தான் நடக்கவில்லை. அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பழைய தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பட்டதாரியிடம் இருக்க வேண்டியவை என்று வாரியம் வகுத்திருக்கும் பட்டியலில் அறநெறியும் ஒன்று. அதையும் எத்தனை தூரம் எட்டினார்கள் என்று மூன்றுக்கு இத்தனை என்று எண்ணில் காட்ட வேண்டும். “அறநெறிக்கு 2.4 போட்டுவிடு, ரொம்பக் கூட்டினால் சந்தேகப்படுவார்கள் என்று சொன்னார்கள் மாமா” என்றான். சிரிக்கப் போனவன் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அவன் முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். என் கதையைப் படிக்கிறவருக்கு அது கதை என்று தெரியும். அவருக்கும் எனக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம். குறிப்பேட்டைப் படிக்கிறவருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு.

ஆனால் அவன் விடவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அடுத்த வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யச் சொல்லவில்லையா? (ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி என்பதுதான் அந்தப் பழமொழி என்று திருத்துகிறவர்கள் உண்டு, நம் ஜனங்கள் தங்களுக்குச் சௌகரியமான பாடத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள்.) கற்பித்தது நிஜம், காகிதம் மட்டும் பொய். நிஜமான வேலைக்குப் பொய்யான சாட்சி வைத்தால் யாருக்கு நஷ்டம்? மறுத்தால் முத்திரை போகும், தண்டனை பிள்ளைகளுக்கு.

இந்தக் கடைசி வார்த்தையில் எனக்கும் மனம் இளகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் ஒருவன் பிடிவாதத்துக்கு அறுபது குடும்பங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? ‘எழுதிவிட்டுப் போ’ என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் காகிதப் பொய் காகிதத்தோடு நிற்பதில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. ஒருவர் பெயர் 11 கல்லூரிகளில் இருந்ததாம். கந்தபுராணத்துச் சூரன்கூட இத்தனை உருவம் எடுத்ததாக நினைவில்லை! அதுவும் ஏதோ ஒரு கல்லூரியில் நாற்காலி இரவல் வாங்கிய கதையாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில், ‘நாக்’ மதிப்பீட்டுக் குழுவினர் சிலரையே லஞ்சக் குற்றச்சாட்டில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. அளக்கப்படுகிறவன் மட்டுமல்ல, அளக்கிறவனும் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டான் என்பதுதான் நமக்கு வருத்தம்.

நான் இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, பையனே தன் தொழிலிலிருந்து ஒன்று சொன்னான். மின்கம்பத்தில் ஏறுகிறவன், கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டதா என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். விளக்கு எரியவில்லை. கம்பியில் மின்சாரம் இல்லை என்றும் கொள்ளலாம். டெஸ்டர் கெட்டிருக்கிறது என்றும் கொள்ளலாம். ஆகையால் முதலில் மின்சாரம் ஓடுவதாகத் தெரிந்த ஒரு கம்பியில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தொடப் போகிற கம்பியில். பிறகு மறுபடியும் ஓடுகிற கம்பியில். மூன்றும் சரியாக இருந்தால்தான் கையை வைக்கலாம். “முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லித் தருகிறேன் மாமா” என்றான்.

“அந்த மூன்றையும் செய்ததாக ஒருவன் நோட்டில் எழுதிவைத்துவிட்டு மேலே ஏறினால்?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

கூட்டம் நடக்கவில்லை என்றால், நாலு பேர் உட்கார்ந்து டீ குடிக்கவில்லை என்று மட்டும் அர்த்தமா? கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. கிண்டியில் 1930-இல் மின்னியல் படிப்பு தொடங்கியது. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்தது, 1937-இல் மேட்டூரில். அந்தக் காலத்துப் பையன் நீர் விழுந்து சுழல்கிற யந்திரத்தைப் படித்தான். வெளியே வந்தால் அதுவே அவனுக்கு வேலை. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அங்கே சுழல்வது ஒன்றுமில்லை; வெயிலை வாங்கிக்கொண்டு பலகைகள் சும்மா இருக்கின்றன. பழைய மோட்டார்ப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், புதியதற்கு எத்தனை, எதை விட்டால் அஸ்திவாரம் ஆடும், எதை வைத்திருந்தால் பிள்ளையின் காலம் வீணாகும்? இவன் கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்தை இவர்களேதான் வகுக்க வேண்டும். ‘பாடத்திட்டம் ஆராயப்பட்டது, மாற்றம் தேவையில்லை’ என்று ஆராயாமலே ஒரு வரி எழுதினால், அறுபது பேருடைய நாலு வருஷத்தை அந்த வரி தீர்மானித்துவிடுகிறது.

மாணவிகள் அளந்து முடித்துவிட்டார்கள். அடித்தளத்தின் அளவைக் கொண்டு, இல்லாத கோயில் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற தன் மனைவியர் இருவர் பெயராலும் மூன்று கோயில் எடுத்ததாக நடுக்கோயிலின் கல்வெட்டு சொல்கிறது. மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு மடமும், 50 துறவிகள் உண்பதற்கு 11 ஊர்களும் கொடுத்தானாம். கொடுத்த கணக்கை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்தக் கல் காத்து வைத்திருக்கிறது. மடம் இன்று இல்லை. ஒரு கோயிலும் இல்லை. யாரும் அந்த இடத்தில் சிமெண்டால் ஒரு விமானம் எழுப்பி, மூன்றும் இருக்கிறது பாருங்கள் என்று கணக்கைச் சரிக்கட்டவில்லை. எழுப்பியிருந்தால் அந்தப் பெண்களுக்கு அளக்க ஒன்றும் இருந்திருக்காது.

“இல்லாததை இல்லை என்று எழுதிவிட்டு, இனிமேல் நடத்தப் போகிற கூட்டத்தை அன்றைய தேதியில் எழுதினால் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“ஆறு வருஷ அங்கீகாரம் மூன்றாகலாம். கிடைக்காமலும் போகலாம். தலைவர் என் முகத்தில் விழிக்க மாட்டார்” என்றான். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? சம்பளம் வாங்குகிறவன் அவன். நான் நிழலில் உட்கார்ந்து பேசுகிறவன்.

பத்து நாள் கழித்து ராத்திரி போனில் கூப்பிட்டான். கூட்டம் போட்டுவிட்டானாம். ஆசிரியர்கள் நாலு பேர்தான் வந்தார்களாம். இறுதியாண்டு மாணவர்கள் ஆறு பேரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறான். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து சொல்லியிருக்கிறாள்: யந்திர ஆய்வகத்தில் ஏழு மோட்டாரில் மூன்று இரண்டு வருஷமாக ஓடவில்லை; அந்தச் சோதனைகளுக்கு எல்லோரும் மேல் வகுப்பு மாணவர்களின் நோட்டைப் பார்த்துத்தான் அளவுகளை எழுதிக்கொள்கிறோம் என்று.

“அந்த நோட்டுகளுக்கு மதிப்பெண் போட்டவன் நான்தான் மாமா” என்றான். சற்று நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

“குழு வர இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. மணப்பாறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரைத் தெரியும் என்றீர்களே, அவர் நம்பர் இருக்கிறதா?” என்று கேட்டான்.