உழைப்பு உடற்பயிற்சியாகுமா?

ஒரு மணி நேரச் சொற்பொழிவைச் சைகை மொழியில் பெயர்த்துத் தருபவரின் கைகள் கீழே இறங்குவது அரிது. முழங்கை மடங்கியபடியே இருக்க, இடுப்புக்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட வெளியில் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு திரும்பும், வளையும், சட்டென்று நிற்கும். அந்தக் கைகளின் பாரத்தைத் தோள்பட்டை முழு நேரமும் சுமக்கிறது. சைகை மொழியில் புருவமும் உதடும் தலையசைப்பும்கூட இலக்கணம் என்பதால் முகத்துக்கும் ஓய்வில்லை. கூட்டம் முடியும்போது உடம்பு களைத்துப்போகிறது. இந்தக் களைப்பையே அன்றைய உடற்பயிற்சியாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாமா, மாலையில் தனியாக ஒரு நடையும் வேண்டுமா? நாற்று நடுபவருக்கும் சித்தாளுக்கும் மூட்டை தூக்குபவருக்கும் இது பொதுவான கேள்வி. "நாள் பூரா வேலை செய்றேன், அதுக்கு மேல எக்சர்சைஸ் எதுக்கு டாக்டர்?" என்று மருத்துவமனையில் தினமும் கேட்கப்படுவதும் இதுதான். மருத்துவக் கேள்வி போலத் தோன்றினாலும் இதன் அடியில் கிடப்பது பழைய தத்துவச் சிக்கல் ஒன்று: ஒரு செயல் இன்னதென்று தீர்மானிப்பது செய்பவரின் நோக்கமா, விளையும் பயனா?

இன்று பொதுச் சுகாதாரத் துறையில் புழங்கும் வரையறை 1985-இல் காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்தது. தசைகளால் உண்டாகி ஆற்றலைச் செலவழிக்கும் எந்த அசைவும் அவர்கள் கணக்கில் உடலியக்கம். உடற்பயிற்சி அதற்குள் ஒரு சிறு பிரிவு: திட்டமிட்டு, ஒழுங்காக, திரும்பத் திரும்ப, உடல்தகுதியைக் கூட்டவோ காக்கவோ செய்வது. இதை அப்படியே ஏற்றால் வழக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். மொழிபெயர்ப்பவர் கையை அசைப்பது காது கேளாதவரிடம் பேச்சைக் கொண்டுசேர்க்க. தன் தோளுக்கு வலுவேற்ற அல்ல. எனவே அது பயிற்சி ஆகாது. தீர்ப்பை வரையறைக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டு, பிறகு அதையே எடுத்துக் காட்டும் வாதம் இது. இதனால் யாருக்கும் தெளிவு பிறப்பதில்லை.

தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கோம் 1957-இல் வெளியிட்ட 'நோக்கம்' என்ற நூலில் வரும் எடுத்துக்காட்டு இங்கே உதவும். ஒருவன் கையை மேலும் கீழும் ஆட்டுகிறான். அதனால் பம்பு இயங்குகிறது, வீட்டுத் தொட்டி நிரம்புகிறது, தண்ணீரில் யாரோ நஞ்சு கலந்திருப்பதால் வீட்டார் சாகப்போகிறார்கள். அவன் செய்வது ஒரே செயல். அதைச் சொல்லும் விதங்கள்தான் பல. சில விதங்களில் சொன்னால் அது அவன் நோக்கிச் செய்தது, வேறு சில விதங்களில் சொன்னால் அப்படியில்லை. அதே கையசைவில் அவனுடைய புயத்தசையும் உரமேறிக்கொண்டிருக்கும். ஆக, ஒரே அசைவு வேலையாகவும் பயிற்சியாகவும் இருப்பதில் முரண் ஏதுமில்லை. மிஞ்சுவது, நோக்காமல் விளைந்ததைச் செய்தவரின் கணக்கில் சேர்க்கலாமா என்பது மட்டுமே.

சேர்க்கலாம் என்பதற்குப் பெயர்பெற்ற சான்று லண்டன் பேருந்துகளிலிருந்து வந்தது. ஜெரமி மாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டார்கள். ஓட்டுநர் வேலை நேரம் முழுதும் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். அவர்களில் யாரும் இதயத்துக்காகப் படியேறவில்லை. உட்கார்ந்த வேலைக்கு முன்பே பருத்த உடல்காரர்கள் போயிருக்கலாமே என்ற ஐயத்தையும் மாரிஸ் விட்டுவைக்கவில்லை: நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைப் பார்த்தார், ஓட்டுநர்களின் கால்சட்டைகள் தொடக்கத்திலேயே சற்று அகலமாக இருந்தன. அந்த வேறுபாடு ஆய்வின் முடிவைக் கவிழ்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தை ஓய்வுநேரம், பயணம், வீட்டு வேலை, தொழில் என எதில் செய்தாலும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது.

ஒன்றுக்காகச் செய்தது இன்னொன்றுக்கும் ஆகுமா என்ற கேள்வியைச் சமயச் சட்டங்கள் மருத்துவத்துக்கு நெடுங்காலம் முன்பே எடுத்துக்கொண்டன. ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் பன்னிரண்டு அத்தியாயம் கொண்டது. கடைசி அத்தியாயத்தின் மையப் பொருள் இந்தச் சிக்கல்தான். ஒரு வேள்விக்காகச் செய்த சடங்கு, அதற்குள் அடங்கிய இன்னொரு வேள்விக்கும் தானாகப் பயன்பட்டால் அதை மறுபடி செய்ய வேண்டுமா? வேண்டாம் என்கிறது மீமாம்சை. மாளிகைக்குள் ஏற்றிய விளக்கு வெளியே அரச வீதிக்கும் வெளிச்சம் தருவதை உரையாசிரியர் சபரர் உவமை காட்டுகிறார். வீதிக்கென்று யாரும் ஏற்றவில்லை என்பதற்காக வீதி இருட்டாகிவிடுவதில்லை.

இஸ்லாமியச் சட்டத்தில் இதே பிளவு ஒளு விஷயத்தில் தெரிகிறது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்போது நிய்யத், அதாவது மனத்தில் எண்ணம், கட்டாயமா? ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது சட்ட மரபில், கட்டாயம். எண்ணமில்லாமல் நனைந்தால் ஒளு ஆகாது. ஹனஃபி மத்ஹபில் எண்ணம் சிறப்பு, ஆனால் கட்டாயமில்லை. தண்ணீரின் இயல்பே தூய்மை செய்வது. தமிழ் முஸ்லிம்களிடமே இரண்டு மரபும் உண்டு: கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ, உள்நாட்டு ராவுத்தர்களிடம் ஹனஃபி. இருதரப்பும் ஒத்துப்போகும் இடம் தொழுகை: எண்ணமில்லாமல் குனிந்து நிமிர்ந்தால் அது தொழுகையாகாது. கழுவுதல் பொருளில் நடப்பது, வழிபாடு உள்ளத்தில் நடப்பது என்ற பாகுபாடு இங்கே வேலை செய்கிறது. உடற்பயிற்சியின் பயன் தசையிலும் இரத்தக் குழாயிலும் விளைவதால், ஹனஃபிகளின் தண்ணீரோடுதான் அதைச் சேர்க்க வேண்டும். யூதச் சட்டம் வேறொரு நுட்பம் பார்த்தது. பதினாறாம் நூற்றாண்டில் யோசேஃப் காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூக், ஓய்வுநாளில் வியர்ப்பதற்காக உடலை வருத்தும் பயிற்சியைத் தடுக்கிறது; ஆனால் ஓடுவதும் குதிப்பதும் தங்களுக்கு இன்பம் என்பதால் அப்படிச் செய்யும் இளைஞர்களைத் தடுப்பதில்லை. கால்கள் செய்வது ஒன்றே; மருந்தாக ஓடினால் குற்றம், மகிழ்ச்சிக்கு ஓடினால் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் உழைப்பாளிக்கு நல்ல செய்தியாக இருந்திருக்கும். கோபன்ஹேகனில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. ஓய்வுநேரத்தில் அதிகம் இயங்கியவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைந்திருந்தன. வேலையில் அதிகம் இயங்கியவர்களுக்கு அவை கூடியிருந்தன. வறுமையையும் புகைப்பழக்கத்தையும் கணக்கிலிருந்து முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம் என்ற மறுப்பு நியாயமானது. அதே ஆண்டு நார்வேயில் வெளியான இன்னொரு ஆய்வில் உடலுழைப்பு வேலை செய்த ஆண்கள் அதிக நாள் வாழ்ந்திருந்ததும் தெரிந்தது. ஆகவே விவாதம் ஓயவில்லை. ஆனால் வேலை ஏன் கெடுதல் செய்யக்கூடும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஊன்றிப் பார்க்கத் தக்கவை. ஓடும்போது இதயம் சிறிது நேரம் வேகமாக அடித்து, பிறகு நெடுநேரம் இளைப்பாறுகிறது. சுமை தூக்கும் வேலையில் வேகம் அவ்வளவு இருக்காது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எட்டு மணி நேரமும் சற்றே உயர்ந்து நிற்கும், மறுநாளும் அப்படியே. ஒரே நிலையில் பிடித்துவைத்த தசைக்குள் இரத்த ஓட்டம் குறையும்.

சைகை மொழிபெயர்ப்பில் இந்தக் கடைசிக் காரணம் கண்கூடு. மூச்சு வாங்குவதில்லை, வியர்வை ஊற்றுவதில்லை. இதயத்துக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் தோளும் முன்கையும் மணிக்கட்டும் விடாமல் இழுபடுகின்றன. 1992-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, வலி உள்ள மொழிபெயர்ப்பாளர்களையும் வலி இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. வலி உள்ளவர்கள் வேகமாகக் கையசைத்தார்கள், மணிக்கட்டை அதிகம் வளைத்தார்கள், இடையில் கையைக் கீழே விட்ட தருணங்களும் அவர்களுக்குக் குறைவு. காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தன்னுள் கொண்ட ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் 2008-இல் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: பேச்சு கடினமாகி மனச்சுமை ஏறினால் மணிக்கட்டின் வேகமும் ஏறுகிறது. பேச்சாளர் அவசரப்பட்டால் கை அவசரப்பட வேண்டும். அவர் நிறுத்தும்வரை கை நிற்க முடியாது.

உழைப்பையும் பயிற்சியையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருப்பதாகத் தெரிகிறது. எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எப்போது நிறுத்துவது என்ற அளவை உடல் நிர்ணயிக்கிறதா, வேலை நிர்ணயிக்கிறதா என்பதே அந்தக் கோடு. பயிற்சி செய்பவர் தோள் கடுத்தால் எடையைக் கீழே வைக்கிறார், அடுத்த வாரம் சற்றுக் கூட்டுகிறார், ஒருநாள் விட்டுச் செய்கிறார். 1985 வரையறை 'நோக்கம்' என்ற பெயரில் தேடியது பெரும்பாலும் இதைத்தான். நோக்கம் முக்கியம்தான், ஆனால் அளவைக் கையில் வைத்திருக்கும் உரிமை அதோடு கூடவே வருவதால் மட்டுமே.

இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன் இதன் அருகே வந்தவர். உடல்நலம் காத்தல் பற்றிய தமது நூலில், எல்லா அசைவும் பயிற்சியல்ல, மூச்சை மாற்றும் அளவுக்குத் தீவிரமானதே பயிற்சி என்றார். தோண்டுதல், உழுதல், துடுப்பு வலித்தல் போன்றவை வேலையாகவும் பயிற்சியாகவும் ஆகக்கூடியவை என்றும் வகுத்தார். ஒரு குளிர்காலத்தில் நாட்டுப்புறத்தில் மாட்டிக்கொண்ட அவர், உடற்பயிற்சிக்காகவே விறகு பிளந்து, உரலில் பார்லி குற்றியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் தினமும் வேலையாகச் செய்வதையே தாம் செய்ததாக அவரே குறிப்பிடுகிறார். வேறுபாடு அவர் சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கிறது: போதும் என்று தோன்றியபோது கேலன் உலக்கையைச் சாத்தி வைத்திருக்கலாம், வீட்டுக்கு மாவு வேண்டியவளால் முடியாது. தோல்ஸ்தோயின் 'அன்னா கரீனினா'வில் குடியானவர்களோடு புல்லறுக்கப் போகும் நிலக்கிழார் லெவினின் நிலையும் அதுவே. நாவலின் மிக அழகான பக்கங்கள் அவை, ஆனால் மறுநாள் அரிவாளை எடுக்காவிட்டால் லெவின் வீட்டில் உலை கொதிக்காமல் போகாது.

அளவு பிறர் கையில் இருந்தால் தண்டனையாகும் கருவி, நம் கையில் இருந்தால் பயிற்சிக்கருவியாகிவிடும் என்பதற்கு ட்ரெட்மில் சாட்சி. வில்லியம் கியூபிட் 1818-இல் இங்கிலாந்துச் சிறைகளுக்காக வடிவமைத்தது அது. சுழலும் பெரிய உருளையின் படிகளில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 1895-இல் சிறைப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் ஏறினார். 1898 சிறைச் சட்டத்தோடு ஒழிக்கப்பட்ட அதன் பெயரைத் தாங்கிய இயந்திரத்துக்கு இன்று மாதச் சந்தா கட்டுகிறார்கள். நம் ஊர்த் தோப்புக்கரணமும் அப்படியே: பிள்ளையார் முன் வழிபாடு, வகுப்பறையில் தண்டனை, யோகா வகுப்பில் பயிற்சி. முழங்கால் மூன்றிலும் ஒரே மாதிரிதான் மடங்குகிறது. எண்ணிக்கையைச் சொல்பவர் யார் என்பதுதான் மாறுகிறது.

உழைப்பைத் தவமாக்கிய துறவு மரபுகள் இந்த அளவை மறக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம் துறவிகளின் உடலுழைப்புக்கு நேரம் குறிக்கிறது. மனத்திடம் குறைந்தவர்களை முன்னிட்டு எல்லாம் அளவோடு நடக்கட்டும் என்றும் சேர்க்கிறது. தினமும் வயலில் இறங்கிய சீன ஜென் ஆசான் பைஜாங்கின் முதுமை கண்டு இரங்கிய சீடர்கள் அவர் கருவிகளை ஒளித்துவைத்தார்கள். வேலையில்லாத நாளில் அவர் உணவைத் தொடவில்லை என்பது மரபு. கருவியை அவர் கையிலிருந்து பிடுங்குவதும் அளவில் கைவைப்பதுதான் என்று அந்தக் கதையைப் படிக்கலாம்.

உழைப்பைப் பயிற்சி என்று நம்பினாலே போதுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். 2007-இல் ஆலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி என்று சொன்னார்கள். நான்கு வாரத்தில் அவர்களின் எடையும் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்ததாக அறிவித்தார்கள். பின்னர் வேறு குழுவினர் இதே போல் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் எண்ணத்தை மட்டும் மாற்றும் இத்தகைய தீர்வு முதலாளிகளுக்கு இனிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே சைகை மொழிபெயர்ப்பு இன்று நடக்கும் முறையில் உடற்பயிற்சிக் கணக்கில் வராது. இதயத்துக்கு அது போதாது, தோளுக்கு அது மிகை. நீண்ட நிகழ்ச்சிகளுக்கு இருவரை அமர்த்தி, ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் வழக்கம் அந்த மிகையைக் குறைக்கவே வந்தது. மொழிபெயர்ப்பவருக்கு மாலை நடை தேவைப்படுகிறது. முன்கைக்கும் தோளுக்கும் தனியாக வலுவேற்றும் பயிற்சியும் தேவைப்படுகிறது, அதுவும் வேலையைத் தாங்குவதற்காகவே. சொந்தத் தோட்டத்தில் வெயில் தாழ்ந்தபின் மண்வெட்டி எடுத்து, மூச்சு வாங்கியதும் வரப்பில் உட்கார்ந்துகொள்ள முடிகிறவரின் வேலை அந்தக் கோட்டுக்கு மறுபுறம் வரும். அதே மண்வெட்டியை இத்தனை கன அடிக்கு இவ்வளவு கூலி என்று பிடிப்பவருடையது வராது.