தடுக்கப்பட்ட ஆடல்

உயர்தர வகுப்பு மாணவியரிடையே இக்காலத்திலே சித்திரக் கதைநூல்கள் பல கைமாறி உலவுகின்றன. அவற்றுள் ஒருவகைக் கதை நமது கவனத்துக்குரியது. கற்பனை நாடொன்றிலே கொடுங்கோலன் ஒருவன் நடனத்தைத் தடைசெய்கிறான். இளம்பெண்ணொருத்தி மறைவிலே ஆடுகிறாள். அதனைக் கண்ட இளைஞன் அவள்மீது காதல் கொள்கிறான். ஈற்றிலே அவள் ஊரறிய ஆடுகிறாள், தடை தகர்கிறது, காதலும் கைகூடுகிறது.

இத்தகைய கதைகளை மாணவர் படிப்பதிலே நாம் குற்றங் காணவில்லை. அடக்குமுறையை வெறுக்க இளம் உள்ளங்களைப் பழக்குவன நல்லனவே. ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. தடை விதிப்பவன் எப்பொழுதும் கொடியவன்தானா? நல்லவர்கள், நியாயமான காரணத்துக்காக, ஓர் ஆடலைத் தடைசெய்தால் நீதி எந்தப் பக்கத்தில் நிற்கும்?

இவ்வினாவுக்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலே தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுதல் செல்லாது என்றது அச்சட்டம். அவ்வாறு விடப்பட்ட பெண்ணும் முறைப்படி மணம் செய்யலாம் என்றது. கோயில் வளாகத்திலும் தெய்வ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுதல் சட்டவிரோதம் என்றும் விதித்தது. கதையிலே காதலும் ஆடலும் ஒருசேரக் கிடைக்கின்றன. வரலாற்றிலோ மணவுரிமையை வழங்கிய அதே சட்டம் ஆடுமிடத்தைப் பறித்தது.

இதனை வெறும் ஒழுக்கவாதிகளின் கூச்சல் என்று ஒதுக்குதல் தகாது. 1893இலே சென்னைச் சீர்திருத்தக்காரர் ஆட்சியாளருக்கு விண்ணப்பம் செய்தபோது, மேலைநாட்டு ஒழுக்கக் கொள்கையின் நிழல் அதிற் படிந்திருந்தது உண்மை. ஆனால், 1930இலே சட்டசபையில் மசோதாவைக் கொணர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அன்னையார் அக்குலத்திற் பிறந்தவர். 1936இலே ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அவ்வாழ்க்கையை உள்ளிருந்து கண்டவரே. நிலவுடைமையாளரின் இச்சைக்குச் சிறுமியரைக் காணிக்கையாக்கும் முறைமையை அவர்கள் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பிலே நாம் ஐயத்துக்கிடமின்றி அவர்கள் பக்கமே நிற்கிறோம்.

எனினும் மறுபக்கத்திலும் பெண்களே நின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பெங்களூர் நாகரத்தினம்மாள் இம்மசோதாவை எதிர்த்தார். தெலுங்குப் பெண்கவி முத்துப்பழநியின் காவியத்தை 1910இலே பதிப்பித்து, அது ஆபாசமெனத் தடைசெய்யப்பட்டதைக் கண்டவர் அவர். எழுத்தும் இசையும் சொத்துரிமையும் ஏனைய பெண்களுக்கு எட்டாதிருந்த காலத்திலே அவை தம் குலப் பெண்களிடம் இருந்தன என்பது அவருக்குத் தெரியும். ஒழுக்கத்தின் பெயரால் அவையும் போய்விடுமோ என்று அவர் அஞ்சியது வீணன்று.

அவ்வச்சம் எவ்வாறு மெய்யானது என்பதைப் பின்னைய வரலாறு காட்டுகின்றது. 1931இலே ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் கல்யாணியின் புதல்வியர் சென்னைச் சங்கீத வித்வத் சபையிலே ஆடினர். அடுத்த ஆண்டுகளிலே ‘சதிர்’ என்ற பெயர் மங்கி, ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் ஓங்கியது. 1935இலே ருக்மிணிதேவி அருண்டேல் அடையாற்றிலே மேடையேறினார். அவருக்கு ஆடல் பயிற்றியவர்களுள் மயிலாப்பூர் கௌரி அம்மாள் கோயில் மரபைச் சேர்ந்தவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நட்டுவ மரபினர். ஆடல் அழியவில்லை, மதிப்புப் பெற்றது. குருமாராகிய ஆடவருக்குப் புதிய தொழிலிடங்கள் கிடைத்தன. மரபுவழி ஆடிவந்த பெண்களுட் பெரும்பாலாருக்கோ மேடை கிடைக்கவில்லை. தனம்மாளின் பேர்த்தியாகிய பாலசரஸ்வதி உலகப் புகழ் பெற்றமை விதிவிலக்கேயாம். 1981இலே சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி விழா தொடங்கியபோது கோயில் வளாகத்திலே மீண்டும் சலங்கை ஒலித்தது. அணிந்த கால்கள் வேறு வகுப்பினருடையவை.

இங்கே நாம் ஒரு தடையைச் சந்திக்கிறோம். கலை ஒரு குலத்தின் தனியுடைமையா? பிறப்பாற் கலையுரிமை வரும் என்று நாம் ஏற்கலாமா? ஏற்கமாட்டோம். கதவு எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்பதே நமது கொள்கை. ஆயினும் புதியவர்களை உள்ளே அழைப்பதற்கு உள்ளே இருந்தவர்களை வெளியேற்ற வேண்டியதில்லை. சுரண்டலை ஒழித்த கை, சுரண்டப்பட்டவர்களின் உழைப்பையும் அறிவையும் விலையின்றி மற்றொரு வர்க்கத்திடம் ஒப்படைத்துவிட்டால், அவ்விடத்திலே விடுதலை பாதியில் நின்றுவிடுகிறது.

வேறு வழி இருந்ததா எனலாம். இருந்தது. அதற்கு முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியே சான்று. கோயிற் சேவைக்கு ஈடாகத் தேவதாசியர் அனுபவித்த மானிய நிலங்களைச் சேவைக் கடமையினின்று விடுவித்து, அவர்களுக்கே உரித்தாக்கும் திருத்தம் அவர் முயற்சியால் 1929இலே நிறைவேறியது. கடமை நீங்கியது; நிலம் உழைத்தவளிடமே தங்கியது. நிலத்துக்குக் காட்டிய இந்நீதியைக் கலைக்கும் காட்டியிருக்கலாம். பொட்டுக்கட்டுதலை ஒழித்து, ஆடியவளையே ஆசிரியையாக அமர்த்தியிருக்கலாம்.

இவ்விடயத்திலே ஈழத்தவராகிய நாமும் வெறும் பார்வையாளர் அல்லர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் சின்னமேளம் ஆடியதுண்டு. 19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் அதனைக் கண்டித்ததும் உண்டு. இன்று நமது பாடசாலைகளிலே பரதம் பரீட்சைக்குரிய பாடம். அடவுகளையும் முத்திரைகளையும் கற்பிக்கும் நாம், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தம் உடலிற் காத்த பெண்களைப் பற்றி வகுப்பறையிலே எவ்வளவு பேசுகிறோம்? கூச்சத்தினாற் பேசாது விடுகிறோம் என்றால், அன்றைய தடை நம்முள்ளே இன்னும் நீங்கவில்லை என்பதே பொருள்.

சித்திரக் கதையைப் படிக்கும் மாணவியிடம் அந்நூலைப் பறிக்கவேண்டாம். கதையின் முடிவிலே ஒரு வினாவை மட்டும் சேர்ப்போம்: தடை நீங்கிய பிறகு அந்த மேடையில் ஆடியவள் யார்? முன்பு ஆடியவள் எங்கே போனாள்?